முப்பது மில்லி புட்டி

எங்கள் ஊரில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கும். செத்த மாட்டை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள். சத்தியமங்கலத்துக்கும் பவானிசாகருக்கும் நடுவில் இருக்கிற ஊர், வடக்கே திரும்பினால் மலை. 1988 வாக்கில், நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கட்டுத்தரையில் இருந்த கிழட்டுப் பசு ஒன்று செத்துப்போனது. அப்பாரு திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் சித்தப்பா மகனும் மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடை தாண்டிப் போய், பள்ளத்துக்கு மேலே இருந்த பாறையின் மறைவில் படுத்துக்கொண்டோம்.

தோல் உரித்தவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு காக்கை, ஒரு நாய். அப்புறம் வானத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இறங்குவதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ இன்னொன்று, அதைப் பார்த்து இன்னும் நாலு. (நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகள் மோப்பம் பிடித்து வருவதில்லை. எல்லாம் கண்தான். ஒன்று இறங்குவதை இன்னொன்று கவனித்து வரும். இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.) கால்மணி நேரத்தில் முப்பது நாற்பது உருப்படி இருக்கும். இறக்கையை விரித்தால் ஆறேழு அடி. தரையில் இறங்கியதும் அந்தக் கம்பீரமெல்லாம் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறவர்கள் மாதிரி தத்தித் தத்தி ஓடின. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறியது. வயிற்றுக்குள் கழுத்து வரை விட்டு வெளியே எடுத்தபோது தலை முழுக்கச் சிவப்பு. ஒரே சீறல், உறுமல். நாய் ஓரமாக உட்கார்ந்து குரைத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

சித்தப்பா மகன் வாந்தி எடுத்தான். அதனால் மாட்டிக்கொண்டோம், அடியும் வாங்கினோம். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்தால் வெள்ளை எலும்பு மட்டும் கிடந்தது. நாற்றம் கூட இல்லை.

ஊரில் அதைக் கழுகு என்றே சொல்வோம். இன்று கழுகு என்றால் பிள்ளைகளுக்குக் கொடியிலும் சின்னத்திலும் வருகிற வேட்டைப் பறவைதான் நினைவுக்கு வருகிறது. தமிழில் இதற்குத் தனியாகப் பழைய பெயர் உண்டு: பாறு. சங்கப் பாட்டின் போர்க்களங்களில் பிணங்களின் மேல் வந்து இறங்குவது இந்தப் பாறுதான். பறவை ஆர்வலர்கள் இப்போது அந்தச் சொல்லைத் தூசு தட்டி எடுத்து, வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று புழங்குகிறார்கள். நாங்கள் பாறை மறைவில் இருந்து பார்த்தது பெரும்பாலும் வெண்முதுகுப் பாறு. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக இருந்த பெரிய பறவைகளில் அதுவும் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அவற்றின் எண்ணிக்கை 99.9 சதவீதம் குறைந்தது. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது.

யாரும் வேட்டையாடவில்லை, கூட்டைக் கலைக்கவில்லை. கொன்றது ஒரு ஊசி.

அந்த ஊசி எங்கள் கட்டுத்தரைக்கு வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990களின் நடுவில் டிவிஎஸ் ஐம்பதில் ஒருவர் வருவார். படித்த டாக்டர் இல்லை, கம்பவுண்டராக இருந்து பழகியவர். சைடு பையில் ஒரு புட்டி, முப்பது மில்லி. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி உறிஞ்சி, மாட்டின் கழுத்தில் ஏற்றுவார். மடி வீங்கிப் பாலே கறக்கவிடாத மாடு சாயங்காலம் நின்று அசை போடும். காய்ச்சலில் தலை தொங்கிய கன்று எழுந்து நிற்கும். அதற்கு முன்னால் என்றால் மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசி, மூன்று நாள் பொறுக்க வேண்டும். மாட்டோடு சேர்ந்து வீடே அந்த மூன்று நாளும் சரியாகத் தூங்காது. புட்டி வந்த பிறகு எங்கள் அம்மாயி சொன்னது: "ஊசி ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுது சாமி, எதுக்குப் போட்டு அதை வதைக்கோணும்?"

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாயில்லா ஜீவனின் வலியைக் குறைக்கத்தான் போட்டார்கள், அதுவும் கைக்காசு செலவு பண்ணி. உழைத்து ஓய்ந்த கிழ எருதுக்கும், இனிப் பிழைக்காது என்று தெரிந்த பசுவுக்கும் கூட, போகிற காலத்தில் நோகாமல் போகட்டும் என்று போட்டார்கள். அந்தக் கடைசி ஊசிதான் வினையாகப் போனது. டைக்ளோஃபினாக் என்பது மருந்தின் பெயர். ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்தால் மருந்து அதன் உடம்பில் தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் படுத்துவிடும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படியும். ஓரிரு நாளில் பறவை செத்து விழும். கிடக்கிற மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில் கூட மருந்து இருக்க வேண்டியதில்லை; அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அளவுக்கு அழிவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் ஒரு மாட்டின் மேல் உட்காருவது ஒன்றிரண்டு பறவை இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற இனம் வேறு. இழந்ததை ஈடுகட்ட அதனால் முடியாது.

முதலில் யாருக்கும் இது பிடிபடவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் உட்கார்ந்திருப்பதையும், கூட்டுக்கடியில் செத்துக் கிடப்பதையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1990களின் பிற்பகுதியில் கவனித்துச் சொன்னார். ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரின் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் அந்த வெள்ளைப் படிவு. கிருமி எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: இந்தப் பறவைகள் தின்பது மாட்டைத்தானே, அந்த மாட்டுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்து, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து எது என்று தேடியபோது டைக்ளோஃபினாக் வந்து நின்றது. 2004-இல் அந்தக் கட்டுரை வெளியானது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது.

சரி, தடை வந்துவிட்டது, கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை. மாட்டுக்குத்தானே தடை, மனிதனுக்கு இல்லையே! மனிதனுக்கு ஒரு தடவை போடுகிற அளவு மூன்று மில்லி. ஆனால் கடையில் மனித மருந்து என்ற பெயரில் முப்பது மில்லி புட்டி தாராளமாகக் கிடைத்தது. பத்து பேருக்கு ஆகிற புட்டி யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெரிய புட்டியை நிறுத்த 2015 ஆயிற்று. அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. அதில் ஒன்று அசிக்ளோஃபினாக். மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்று. கீட்டோப்ரோஃபெனும் பாறுவுக்கு ஆகாது. இவை இரண்டும் 2023-இலும், நிமெசுலைட் 2024-இன் கடைசியிலும் கால்நடைகளுக்குத் தடையாயின. 2004-இல் தெரிந்த விஷயத்தின் பின்னால் இருபது வருஷம் ஓடியிருக்கிறோம். மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுவுக்குக் கெடுதி செய்யாது என்று 2006 வாக்கிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த இருபது வருஷத்தில் பள்ளம் என்ன ஆயிற்று?

செத்த மாட்டைத் தூக்குகிற வேலையைச் சிலர் தலையில் மட்டும் சாதி கட்டி வைத்திருந்தது. அவர்களின் அடுத்த தலைமுறை அதை உதறியது, உதறியதுதான் சரி. காசு இருக்கிற வீடுகள் ஜேசிபி கூப்பிட்டுக் குழி தோண்டிப் புதைக்கின்றன. இல்லாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக டெம்போவில் ஏற்றி ஓடைப் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கழுகு அரை மணியில் முடிக்கிற வேலைக்கு நாய்கள் நாலைந்து நாள் எடுத்துக்கொள்கின்றன. அதுவரை ஊர்ப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். மழை வந்தால் அது அத்தனையும் ஓடைக்கு. பாறுவின் வயிற்று அமிலம் ஏறக்குறைய பேட்டரி அமிலம் மாதிரி. பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதைத் தாண்டிப் போவது கடினம். நாயின் வயிறு அப்படி இல்லை. இறைச்சி போதாதென்று ஹோட்டல் கழிவும், கோழிக்கடைக் கழிவும், கல்யாண மண்டபத்து இலையும் அதே ஓடைக் கரையில் கொட்டப்படுகின்றன. நாய் பெருகாமல் என்ன செய்யும்? அதன் மேல் தப்பு இல்லை. பந்தி போட்டு வைத்தது நாம்.

சித்தப்பா மகனின் பெண்ணை, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது அந்த ஓடைப் பாலத்தில்தான் நாய் கடித்தது. கெண்டைக்காலில் இரண்டு பல். என் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்ற பேச்சுக்கே பாதி உயிர் போய்விடும். இப்போது நாள் கணக்கு வைத்துக் கையில் போடுகிறார்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பிள்ளை தப்பித்தாள். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த இரண்டையும், பாறு போனதையும் மனிதர்கள் செத்ததையும், முடிச்சுப் போட்டு எண்ணிக்கையாகவே காட்டியவர்கள் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள்: இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன். பாறுகள் நிறைய வாழத் தோதான மாவட்டங்களையும், முன்பிருந்தே பெரிதாக இல்லாத மாவட்டங்களையும் எடுத்து, மலிவு டைக்ளோஃபினாக் வருவதற்கு முன்னும் பின்னும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். பாறு இருந்து போன மாவட்டங்களில் இறப்பு நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000-இலிருந்து 2005 வரையில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. 2024-இல் வெளியான ஆய்வு. அதைப் படித்த இரவு எனக்கு அந்த டிவிஎஸ் ஐம்பதின் சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

1991-இல் பள்ளிச் சுற்றுலாவாக மகாபலிபுரம் போய்விட்டுத் திருக்கழுக்குன்றத்திலும் நிறுத்தினார்கள். உச்சி வெயிலில் பாறை சுட, படியேறிக் காத்திருந்தோம். இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்தன. மஞ்சள் முகம். குருக்கள் கையில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போயின. மஞ்சள்முகப் பாறு. அவை காசியிலும் ராமேஸ்வரத்திலும் நீராடிவிட்டு வருவதாகப் பக்கத்தில் நின்ற பாட்டி சொன்னார். நாங்கள் நம்பவில்லை, ஆனாலும் கும்பிட்டோம். 1990கள் முடிவதற்குள் அவற்றின் வருகை நின்றுபோனது. ஊர்ப் பெயரிலேயே கழுகு இருக்கிறது, கழுகுதான் இல்லை. இப்போது போகிறவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டுகிறார்கள், இங்கேதான் வரும் என்று.

எனக்குத் திரும்பப் பாறுவைப் பார்க்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன தை மாதம் நண்பர் ஒருவரோடு மசினகுடி போனேன். தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டி வாழ்கிற கடைசி இடம் இந்த மோயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஓடையோரத்து நீர்மருதில் உயரமாகக் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை இடுக்கில். கூட்டுப் பக்கமெல்லாம் நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ரோட்டோரமாக நின்றுதான் பார்த்தோம். காலை ஒன்பது வரை ஒன்றுமில்லை. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே கிளம்பினால்தான் அதுவும் கிளம்பும். எங்களுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்த குடும்பம் குரங்குக்கு சிப்ஸ் பாக்கெட்டை உடைத்துப் போட்டுப் படம் எடுத்தது. சொல்லிப் பார்த்தேன். "பாவம்ங்க, பசிக்குதுல்ல," என்றார் அந்த அம்மா. எனக்கு அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது, அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

பத்தேகாலுக்கு நண்பர் தோளைத் தட்டினார். மலை விளிம்பில் ஒரு புள்ளி. அப்புறம் மூன்று. இறக்கையை ஆட்டவே இல்லை. சுற்றிச் சுற்றி மேலே ஏறி, ஒன்று எங்கள் பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது முதுகில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. ஏழு எண்ணினேன். பள்ளத்தில் ஒரு மாட்டின் மேல் பார்த்த எண்ணிக்கையில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் எல்லா வகைப் பாறும் சேர்த்தே 320-தான் வந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் 246. கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படத் தோன்றுகிறது, படுகிறேன். ஆனால் காட்டோரத்தில் புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் யாராவது விஷத்தைத் தூவினால், அந்த 320-இல் ஒரு பகுதி ஒரே நாளில் போய்விடும்.

இதையெல்லாம் வாய் கிழியப் பேசுகிற என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை வைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்த சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. தீர்ந்ததும் காலி அட்டையைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி பத்து வாங்கிட்டு வந்துரு கண்ணு" என்பார். நானும் வாங்கிக் கொடுத்தேன், மூன்று வருஷம். அட்டையின் பின்னால் இருக்கிற பொடி எழுத்தை ஒரு நாளும் படித்ததில்லை. போன வருஷம் காலில் வீக்கம் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் கூடியிருந்தது. டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கிட்னிக்கு ஆகாதுங்க இது. இவ்ளோ நாளா தினமும் போட்டாங்களா?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால்.

மனித உடம்பு பாறுவின் உடம்பு இல்லை. பாறுவை இரண்டு நாளில் கொல்கிற மருந்து நம்மை அப்படிக் கொல்வதில்லை. டாக்டர் சொல்கிற அளவில், சொல்கிற நாளுக்குப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வலிக்கிற முழங்காலோடு அரை நாள் உட்கார்ந்திருக்க எங்களுக்கு நேரமில்லை. அம்மாவுக்குக் கறவை இருக்கிறது, எனக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக லீவு இல்லை. பத்து ரூபாயில் முடிகிற விஷயம் என்று இருந்துவிட்டோம். மாத்திரையை நிறுத்தி நாலைந்து மாதத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் இறங்கியது. இப்போது காலையில் வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்த இரண்டு பயிற்சி. வலி இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றிக் கேட்கிறவர்களிடமெல்லாம் மகன் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டான் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

போன ஐப்பசியில் எங்கள் சிவப்பிக்கு மடிவீக்கம். ராத்திரி ஏழு மணிக்கு டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். அம்மா டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் பையிலிருந்து எடுத்த புட்டியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அதே அளவு, அதே ரப்பர் மூடி. முப்பது மில்லி.

"என்ன மருந்துங்க டாக்டர்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே புட்டியை என் கையில் கொடுத்தார். டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி எழுத்துக் கூட்டிப் படித்தேன். மெலாக்சிகாம். "இந்தப் பக்கமெல்லாம் நாங்க இதுதாங்க போடறது," என்றார். சிவப்பி ஊசிக்குத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சும்மா நின்றது.

அம்மா டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"மாட்டுக்கு மட்டும் அட்டையப் படிக்கத் தெரியுதாக்கும்?"